லைமன்: ஒரு ரயில் சந்திப்பு ஊரின் பழைய வரைபடத்தை வாசிக்கக் கற்பது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலிருந்து தென்கிழக்கே சுமார் 85 மைல் தூரத்தில் லைமன் என்ற சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டாயிரம். கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேல் உயரம் என்றாலும் மலை எதுவும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய மட்டும் புல்வெளியும் கோதுமை வயலும்தான். ஹை ப்ளெய்ன்ஸ் என்று அங்கே சொல்லும் உயர்சமவெளி இது. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். பார்க்க என்ன இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். அந்த ஊரின் பழைய நிலத்தோற்ற வரைபடத்தை மேசையில் விரித்த நாளில் அந்த எண்ணம் போய்விட்டது.

நிலத்தோற்ற வரைபடம் என்றால் சாலையையும் ஊர்ப்பெயரையும் மட்டும் காட்டும் படம் அல்ல. நிலத்தின் மேடு பள்ளம், ஓடை, ரயில் பாதை, தனி வீடு, பள்ளிக்கூடம், இடுகாடு வரை எல்லாவற்றையும் அளந்து வரைந்த தாள். இதுவரை இப்படி ஒரு தாளைத் திறந்தே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் இருப்பது ஒரே ஆண்டின் காட்சி அல்ல. ஒவ்வொரு கோட்டையும் பார்க்கும்போது “நீ எந்த ஆண்டுக் கோடு?” என்று கேட்டுப் பழக வேண்டும்.

தாளை எடுப்பது

அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 1879இல் தொடங்கப்பட்டது. 1884 முதல் நாடு முழுவதையும் தாள் தாளாக வரையத் தொடங்கினார்கள். 1884 முதல் 2006 வரை அச்சான தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து இலவசமாகவே தருகிறார்கள். டோப்போவியூ என்று தேடினால் அவர்களுடைய இணையப் பக்கம் கிடைக்கும். கொலராடோவின் லைமன் என்று ஊர்ப்பெயரைக் கொடுத்தால், அந்த இடத்தை உள்ளடக்கிய தாள்கள் ஆண்டு வாரியாக வரிசையில் வரும். பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. இறக்கி, அச்சிட்டு, நண்பர்களுக்கும் கொடுக்கலாம்.

ஒரே கோப்பு நான்கு வடிவங்களில் கிடைக்கும். வெறுமனே பார்க்க ஜேபெக் போதும். கூகுள் எர்த்தில் விரிக்க கேஎம்இசட் வடிவம். பின்னால் க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் தாள் மேல் தாள் வைத்துப் பார்க்க நினைத்தால் ஜியோடிஃப் எடுங்கள். தொடக்கத்திலேயே ஜியோடிஃப் எடுத்துவைப்பது நல்லது என்பது என் கருத்து. எப்படியும் அங்கேதான் வந்து சேருவீர்கள்.

எந்த அளவுகோலை எடுப்பது? 1890களில் கிழக்குக் கொலராடோவில் வரைந்தவை பெரும்பாலும் 1:1,25,000 தாள்கள். தாளில் ஓர் அங்குலம், நிலத்தில் ஏறத்தாழ இரண்டு மைல். பிற்காலத்தில் வந்த 1:24,000 தாளில் ஓர் அங்குலம் சரியாக 2,000 அடி. அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் ஏழரை நிமிட அளவுள்ள கட்டம் அது. லைமன் இருக்கும் அட்சரேகையில் வடக்கு தெற்காக எட்டரை மைலுக்குச் சற்று மேலும், கிழக்கு மேற்காக ஆறேமுக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். வாசிக்கப் பழக 1:24,000, ஊர் எதனால் அங்கே வந்தது என்று புரிய சிறிய அளவுகோலில் வரைந்த பழைய தாள். இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் பிழை, திறந்தவுடன் நடுவில் ஊரைத் தேடுவது. கண்ணை நடுவிலிருந்து எடுத்துக் கீழ் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். தாளின் உண்மையான வரலாறு அங்கே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

வலது கீழ் மூலையில் தாளின் பெயரும் ஓர் ஆண்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு “இந்த ஆண்டில் இந்த வீடு இருந்தது” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இடது கீழ் மூலையைப் பாருங்கள். விமானப் படம் எடுத்த ஆண்டு ஒன்று, ஆள் நேரில் போய்ச் சரிபார்த்த ஆண்டு இன்னொன்று என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். சில தாள்களில் பிறகு திருத்திய ஆண்டும் ஊதா நிறத்தில் அச்சாகியிருக்கும். ஊதா என்றால் புதிய விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்தது, நேரில் போய்ச் சரிபார்க்காதது என்று பொருள். அப்படியானால் ஊதாக் கோட்டுக்கு ஒரு வயது, பக்கத்திலுள்ள கறுப்புக் கோட்டுக்கு வேறு வயது. இந்த மூன்று நான்கு ஆண்டுகளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி வரைபடத்தோடு இணைத்துவையுங்கள். நான் பென்சிலால் தாளின் பின்புறத்திலேயே எழுதிவிடுவேன்.

ஓரத்தில் இன்னும் இரண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே எத்தனை அடி உயர வித்தியாசம் என்பது. சமவெளித் தாள்களில் பெரும்பாலும் 10 அல்லது 20 அடி. மற்றொன்று, 1927 வட அமெரிக்க அடித்தளம் என்ற குறிப்பு. அந்தக் காலத்து அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். அதை நான் அலட்சியம் செய்து பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர்

நீலத்தில் தொடங்குங்கள். லைமனை ஒட்டி பிக் சாண்டி ஓடை போகிறது. கோடு முழுக் கோடாக இல்லாமல் இடையிடையே புள்ளி வைத்து வெட்டி வெட்டி வரைந்திருந்தால், ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை என்று பொருள். பெயரே சொல்கிறதே, பெரிய மணலாறு! வைகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் அங்கே ஆங்கில ‘வி’ எழுத்துப் போல மடங்கும். அந்த மடிப்பின் கூர்முனை காட்டுவது ஓடை வரும் திசை, மேட்டுப் பக்கம். இரண்டு மூன்று இடங்களில் விரலை வைத்துப் பார்த்தால் போதும், பிறகு கண் தானாகப் பழகிவிடும். ஐந்து கோட்டுக்கு ஒன்று தடிமனாக, உயர எண்ணோடு இருக்கும்.

இந்த ஓடையை ஒட்டியே அடுத்தடுத்த தாள்களில் கீழ்நோக்கிப் போனால் ஹியூகோ, கிட் கார்சன் ஊர்களைத் தாண்டி, கடைசியில் அது ஆர்கன்சா ஆற்றில் சேரும். வழியில் கயோவா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம்போல), இதே ஓடைக் கரையில், 1864 நவம்பர் 29 அன்று அமெரிக்க ராணுவம் பூர்வகுடிகளான செயான், அரப்பஹோ மக்களின் முகாமைத் தாக்கியது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வரலாற்றில் சாண்ட் கிரீக் படுகொலை என்று சொல்லப்படும் மணலோடை இதுதான். அந்த இடம் இப்போது தேசிய வரலாற்றுத் தலம். அது நடந்து ஆறு ஆண்டுகளுக்குள் இந்தச் சமவெளியில் ரயில் வந்துவிட்டது. நில அளவைத் தாளில் அந்த மக்களின் முகாம்களுக்கோ பாதைகளுக்கோ ஒரு கோடும் கிடையாது. தாளில் இல்லாததால் நிலத்தில் இல்லாமல் போய்விடாது. இதைத் தெரிந்துகொண்டு மேலே போங்கள்.

தண்டவாளம் ஏன் அங்கே போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ரயில் பாதைக்குக் குறி, குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள் போட்ட கறுப்புக் கோடு. லைமனில் அப்படி இரண்டு பாதைகள் சந்திக்கின்றன.

முதலாவது கன்சாஸ் பசிபிக். 1870 ஆகஸ்டில் டென்வரை எட்டியது. 1880இல் யூனியன் பசிபிக்கோடு இணைந்துவிட்டதால் தாளில் யூனியன் பசிபிக் என்ற பெயர்தான் இருக்கும். கிட் கார்சன் பக்கத்திலிருந்து இது பிக் சாண்டியின் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. காரணம் கோடுகளிலேயே தெரியும். நீராவி இயந்திரத்துக்கு இரண்டு தேவைகள்: மெதுவான ஏற்றமும் தண்ணீரும். ஓடைப் பள்ளத்தாக்கு இரண்டையும் கொடுத்தது.

ஏற்றத்தை நீங்களே அளக்கலாம். 1:24,000 தாளில் ஓர் அங்குலம் 2,000 அடி என்றேன் அல்லவா? தண்டவாளக் கோட்டின் மேல் அடிக்கோலை வையுங்கள். கோடுகளுக்கு இடைவெளி 20 அடி என்றால், ஓர் அங்குல நீளத்தில் தண்டவாளம் ஒரே ஒரு சமவுயரக் கோட்டைக் கடந்தால் ஏற்றம் நூற்றுக்கு ஒன்று. இரண்டு கோட்டைக் கடந்தால் நூற்றுக்கு இரண்டு. சரக்கு ரயிலுக்கு அது கடுமையான ஏற்றம். பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும் பகுதியிலும், லைமனுக்கு மேற்கே பாதை ஓடையை விட்டு விலகி சீடர் பாயின்ட் மேட்டை நோக்கி ஏறும் பகுதியிலும் அளந்து ஒப்பிடுங்கள். அந்த மேடுதான் நீர்ப்பிரிமேடு. இந்தப் பக்கம் விழும் மழை ஆர்கன்சாவுக்கு, அந்தப் பக்கம் விழுவது பிளாட் ஆற்றுக்கு. அடிக்கோலோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால், அந்தக் காலத்துப் பொறியாளர் பட்ட கவலை உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும்.

இரண்டாவது பாதை ராக் ஐலண்ட். கிழக்கேயிருந்து கொலராடோ ஸ்பிரிங்ஸ் நோக்கி 1888இல் போட்டார்கள். இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தில் எழுந்த ஊர்தான் லைமன். பாதை போடும் பணியில் மேற்பார்வையாளராக இருந்த ஜான் லைமன் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது. 1939இல் ராக்கி மவுண்டன் ராக்கெட் என்ற பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. சிகாகோவிலிருந்து ஒரே ரயிலாக வந்து, லைமனில் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி யூனியன் பசிபிக் தண்டவாளத்தில் ஏறி டென்வர் போகும், மற்றது கொலராடோ ஸ்பிரிங்ஸ் போகும். திரும்பும்போது இங்கே மறுபடி இணைவார்கள். 1966இல் அந்த ரயில் நின்றது. சந்திப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது இதை மனத்தில் ஓடவிடுங்கள். பிரியும் வளைவு, இணைத் தண்டவாளங்கள், அவற்றை ஒட்டிய கறுப்புச் சதுரங்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலைக்காகப் போட்டவை.

ராக் ஐலண்ட் நிறுவனம் 1980இல் ஓட்டத்தை நிறுத்தியது. லைமனுக்கு மேற்கே தண்டவாளத்தைப் பின்னர் பெயர்த்துவிட்டார்கள், கிழக்கே கைல் என்ற சிறு ரயில் நிறுவனம் அதே பாதையில் சரக்கு ஓட்டுகிறது. பழைய தாளில் குறுக்குக் கோடுகளோடு இருக்கும் மேற்குப் பாதையைப் புதிய தாளில் தேடுங்கள். ஒன்று இல்லாமலே போயிருக்கும், அல்லது கைவிட்ட பாதை என்பதைக் காட்டும் வெட்டுக் கோடாக மெலிந்திருக்கும்.

சிறிய அளவுகோல் தாளை இங்கே விரியுங்கள். லைமனிலிருந்து கிழக்கே பர்லிங்டன் வரை சுமார் 75 மைல். அதற்குள் ஜெனோவா, போவினா, அரிபா, ஃப்ளாக்லர், சீபர்ட், வோனா, ஸ்ட்ராட்டன், பெத்யூன், பர்லிங்டன் என்று ஒன்பது பெயர்கள், கழுத்துச் சரத்தில் கோத்த மணிகள்போல. இயந்திரத்துக்குத் தண்ணீர் பிடிக்கவும், எதிர் ரயிலுக்கு வழிவிட லூப் லைன் போடவும், குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் உழவர் ஒரே நாளில் போய்த் திரும்பவும் அந்த இடைவெளி தேவைப்பட்டது. அதில் போவினா இன்று பெயரளவில்தான். மேற்கே இதே பாதையில் சிம்லா என்றொரு ஊரும் உண்டு. நம் இமயமலைச் சிம்லாவின் பெயர்தான் அது என்பார்கள்.

சதுரங்கள்

தாள் முழுவதும் மெல்லிய சிவப்புச் சதுரங்கள் தெரியும். ஒவ்வொரு சதுரமும் ஒரு செக்‌ஷன், ஒரு சதுர மைல், 640 ஏக்கர். முப்பத்தாறு சேர்ந்தால் ஒரு டவுன்ஷிப். எண் வரிசை வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் ஓட்டுவதுபோல மடங்கி மடங்கி இறங்கும். 36 தென்கிழக்கு மூலையில் முடியும்.

1864 சட்டப்படி கன்சாஸ் பசிபிக்குக்குப் பாதையின் இரு பக்கமும் 20 மைல் எல்லைக்குள் ஒற்றைப்படைச் செக்‌ஷன்கள் மானியமாகக் கிடைத்தன. 16, 36 ஆகிய இரண்டும் பள்ளிக்கூடங்களுக்கு. எஞ்சிய நிலத்தில்தான் குடியேறியவர்கள், அரசு நிலத்தைக் குடியேறுவோருக்குத் தரும் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர், அதாவது செக்‌ஷனில் கால் பங்கு, கேட்டு வாங்கினார்கள். வண்ணப் பென்சிலால் ஒற்றைப்படைச் சதுரங்களை மட்டும் லேசாகத் தீட்டிப் பாருங்கள். சதுரங்கப் பலகை வரும். அதற்குப் பிறகு தனி வீட்டைக் குறிக்கும் கறுப்புப் புள்ளிகள் எந்தக் கட்டங்களில் விழுந்திருக்கின்றன என்று எண்ணுங்கள்.

ஊரின் தெருக்களையும் இந்தச் சதுரங்களோடு ஒப்பிட வேண்டும். தெருக்கள் தண்டவாளத்துக்கு இணையாகப் போகின்றனவா, செக்‌ஷன் கோட்டுக்கு இணையாகவா? தண்டவாளத்துக்கு இணை என்றால் ஊரைக் கோடு போட்டுப் பிரித்தது ரயில் நிறுவனத்தின் கை என்று முதலில் சந்தேகியுங்கள்.

குறிகள்

குறிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நிலவியல் ஆய்வகம் தரும் குறி விளக்கத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சதுரத்தின் மேல் கொடி என்றால் பள்ளிக்கூடம், சிலுவை என்றால் தேவாலயம். பி.எம். என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஓர் எண்ணும் இருந்தால், உயரம் துல்லியமாக அளந்து கல்லிலோ கம்பத்திலோ பித்தளைத் தகடு பதித்த இடம். ரயில் பாதை ஓரமாக இவை நிறைய வரும். சிவப்புச் சாயம் பூசிய பகுதியில் தனி வீடுகளை வரையமாட்டார்கள், பொதுக் கட்டடம் மட்டும் இருக்கும். அங்கே வீடே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

உயர்சமவெளியில் நான் முதலில் தேடுவது காற்றாடிக் குறியை. வீடும் சாலையும் இல்லாத செக்‌ஷனின் நடுவில் தன்னந்தனியாக ஒன்று நிற்கும். நிலத்தடி நீரை இறைத்து மாட்டுக்குத் தொட்டி நிரப்பும் காற்றாடி அது. அந்தச் செக்‌ஷனில் மேய்ச்சல் நடந்தது, தண்ணீர் எட்டும் ஆழத்தில் இருந்தது என்று அந்த ஒரு குறி சொல்லிவிடும்.

ஆண்டு மேல் ஆண்டு

இரண்டு தாள்களையும் க்யூஜிஐஎஸில் திறந்து, மேலே உள்ளதைப் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். கணினி வேண்டாம் என்றால் ஒரே அளவுகோல் தாள்களை அச்சிட்டு டிரேசிங் பேப்பர் போதும். எனக்கு டிரேசிங் பேப்பர்தான் பிடிக்கும். கையால் வரைந்த கோடு மறப்பதில்லை.

முதல் சுற்றில் தண்டவாளம் மட்டும் வரையுங்கள். அடுத்து சாலை. எழுபதாம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போவதைப் பாருங்கள். ரயில் நிலையத்தை மையமாக வைத்து வளர்ந்த ஊர், பிறகு நெடுஞ்சாலை இறங்கும் இடங்களை நோக்கி நகர்வதைக் கட்டடங்களின் இருப்பிடத்தில் காணலாம். கடைசியாகக் கட்டடங்களை வரையுங்கள். 1990 ஜூன் 6 அன்று லைமனை டொர்னாடோ என்னும் சுழல்காற்று ஒன்று தாக்கிக் கடைவீதியின் பெரும்பகுதியை அழித்தது. உயிரிழப்பு இல்லை. அதற்கு முந்தைய தாளில் உள்ள கடைவீதி, இன்று நின்று பார்க்க முடியாத கடைவீதி.

நேரில் போகிறீர்களா?

போங்கள். ஆனால் என் தவறைச் செய்யாதீர்கள். ராக் ஐலண்ட் பாதை போட்ட மண்கரையைத் தேடி, பழைய தாளின் யுடிஎம் எண்களை (ஓர் இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும் கட்ட எண்கள்) அப்படியே கைப்பேசியில் போட்டுக்கொண்டு ஒரு காலையில் நடந்தேன். எண் சொன்ன இடத்தில் வெறும் புல். ஒரு மணி நேரம் அலைந்த பிறகுதான், தொலைவில் நீளமாகத் தெரிந்த மேடு கண்ணில் பட்டது. பழைய தாள் 1927 அடித்தளத்தில், கைப்பேசி புதிய அடித்தளத்தில். கொலராடோவில் இந்த இரண்டுக்கும் யுடிஎம் கணக்கில் வடக்கு தெற்காக ஏறத்தாழ 200 மீட்டர் வித்தியாசம். கைப்பேசிச் செயலியின் அமைப்பில் 1927 அடித்தளத்தைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வீட்டிலேயே மாற்றிக் கணக்கிட்டுக்கொண்டு போங்கள். 1970களுக்குப் பிந்தைய பல தாள்களின் ஓரத்தில் எத்தனை மீட்டர் நகர்த்த வேண்டும் என்றே போட்டிருப்பார்கள்.

இங்கே பெரும்பாலான நிலம் தனியார் பண்ணை. தாளில் பாதை வரைந்திருப்பது உள்ளே நுழைய அனுமதி அல்ல. முள்கம்பி வேலியைத் தாண்டாதீர்கள், பண்ணை வீட்டில் கேளுங்கள். என் அனுபவத்தில், மடித்த பழைய வரைபடத்தைக் கையில் பார்த்ததும் வேலைகளை விட்டுவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். வேலி தாண்டாமலே ராக் ஐலண்ட் கரையில் நடக்க வேண்டுமென்றால், ஃபால்கனுக்கும் பேட்டனுக்கும் இடையே அதை நடைபாதையாக ஆக்கியிருக்கிறார்கள். லைமனின் பழைய ரயில் நிலையத்தில் ஊர் அருங்காட்சியகம் உண்டு. போவதற்கு முன் திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

லைமன் தாள் முடிந்ததும் அதன் ஓரங்களில் அச்சிட்ட பக்கத்துத் தாள்களின் பெயர்களைப் பாருங்கள். பிக் சாண்டி போகும் திசையில், தென்கிழக்கே உள்ளதை எடுத்து ஹியூகோவைத் தேடுங்கள். லைமனைவிடச் சிறிய ஊர், ஆனால் லிங்கன் கவுண்டியின் தலைமையிடம் அதுதான். அங்கே யூனியன் பசிபிக் 1909இல் கட்டிய வட்ட வடிவ லோகோ ஷெட் செங்கல் சுவரோடு இன்னும் நிற்கிறது. தாளில் அதன் வளைந்த கறுப்புக் கட்டடத்தையும், அதற்குள் விசிறிபோல் விரிந்து நுழையும் தண்டவாளங்களையும் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.